‘எழுந்தவி ஏற்பி’: சூப்பர் ரீஜெனரேட்டிவ் ரிசீவருக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சூப்பர் ரீஜெனரேட்டிவ் ரிசீவர் என்ற எளிய வானொலி ஏற்பிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: மீமீளாக்க ஏற்பி, தணியலைவு ஏற்பி, அப்புறம் எதுவும் வேண்டாம், ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்வோம் என்பது. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பரிந்துரை ‘எழுந்தவி ஏற்பி’. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பெயர் தானாக வந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

மின்னணுப் பொருட்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் ‘433 ஆர்எஃப் மாட்யூல்’ என்று கேட்டால் பரப்பி ஒன்று, ஏற்பி ஒன்று என ஜோடியாக இரண்டு சின்னப் பலகைகளைக் கொடுப்பார்கள். அவற்றில் நீளமான பலகைதான் நாம் பேசும் கருவி. உற்றுப் பார்த்தால் ஓரிரு டிரான்சிஸ்டர், திருகி இசைவிக்கும் கம்பிச்சுருள் ஒன்று, எட்டுக்கால் ஐசி ஒன்று, சில மின்தடைகளும் மின்தேக்கிகளும், அவ்வளவுதான். அதிர்வெண்ணை நிலையாக வைத்திருக்கும் படிகம் கிடையாது. அதிர்வெண் 433.92 மெகாஹெர்ட்ஸ், கால் அலைநீளக் கணக்கில் சுமார் 17.3 செ.மீ. கம்பியைப் பற்றவைத்தால் அதுவே ஆன்டெனா. வாசல் கதவு ரிமோட், கம்பியில்லா அழைப்புமணி, விலை குறைந்த வண்டி அலாரம் ஆகியவற்றில் பலவற்றுக்குள் இந்த வகைச் சுற்றுதான் இருக்கிறது.

இவ்வளவு குறைந்த உறுப்புகளை வைத்துக்கொண்டு வலுவற்ற சமிக்ஞையை எப்படிப் பிடிக்கிறது? இங்கேதான் அழகு இருக்கிறது. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பி ஊட்டினால், அதாவது மீளூட்டம் கொடுத்தால், பெருக்கம் கூடும். ஊட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லையில் சுற்று பெருக்கியாக இருப்பதை விட்டுவிட்டுத் தானே மின்னலைவுகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். எட்வின் ஆம்ஸ்ட்ராங்கின் முதல் கண்டுபிடிப்பான ரீஜெனரேட்டிவ் சுற்று, 1914இல் காப்புரிமை பெற்றது, அந்த எல்லைக்குச் சற்று இந்தப் பக்கமே நின்றது. கொஞ்சம் கை தவறினால் ஊளையிடும்; பக்கத்து வீட்டு வானொலியிலும் அந்த ஊளை கேட்கும்.

1922இல் அதே ஆம்ஸ்ட்ராங் எல்லையைத் தாண்டத் துணிந்தார். அலைவு எழட்டும், ஆனால் முழுதாக நிலைபெறும் முன்போ, நிலைபெற்ற உடனேயோ அவித்துவிடுவோம். மறுபடி எழ விடுவோம், மறுபடி அவிப்போம். நொடிக்குச் சில பத்தாயிரம் முதல் சில லட்சம் முறை இப்படி நடக்கும். ஒவ்வொரு முறையும் அலைவு எதிலிருந்து எழுகிறது? ஆன்டெனாவில் சமிக்ஞை இல்லையென்றால் சுற்றின் வெப்ப இரைச்சலிலிருந்து. சமிக்ஞை இருந்தால் அதுவே வித்து. வித்து பெரிதென்றால் அலைவு சீக்கிரம் முழு உயரத்தை எட்டும், ஒவ்வொரு எழுச்சியின் பரப்பும் கூடும், டிரான்சிஸ்டரின் சராசரி மின்னோட்டம் உயரும். அந்த உயர்வுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி. எழுச்சி அடுக்குக்குறி வேகத்தில், அதாவது மடங்கு மடங்காக, நடப்பதால் ஒற்றை டிரான்சிஸ்டரிலேயே பத்து லட்சம் மடங்கை ஒட்டிய பெருக்கம் கிடைக்கும்.

இதைக் காதாலேயே கேட்கலாம். அந்த எட்டுக்கால் ஐசிக்குள் இரண்டு பெருக்கிகள் உண்டு. முதலாவதன் வெளியீட்டை ஒரு மின்தேக்கி வழியாகச் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் கொடுத்தால், யாரும் ரிமோட்டை அழுத்தாதபோது ‘ஸ்ஸ்ஸ்’ என்று இடைவிடாத இரைச்சல் வரும். ரிமோட்டை அழுத்திய கணத்தில் இரைச்சல் அடங்கித் தகவல் துடிப்புகள் தெளிவாகக் கேட்கும். முன்பு இரைச்சலிலிருந்து எழுந்துகொண்டிருந்த அலைவு இப்போது சமிக்ஞையிலிருந்து எழுகிறது, அதுதான் வித்தியாசம். ரிமோட்டே இல்லாமலும் பலகையின் தரவுக்கால் (தகவல் வெளிவரும் முனை) சும்மா துடித்துக்கொண்டே இருக்கிறதே, பலகை பழுதா என்று புதிதாக வாங்கும் மாணவர்கள் கேட்பதும் இதனால்தான். பழுதில்லை, இந்த வகையின் இயல்பே அது.

சரி, இப்போது பெயருக்கு வருவோம். ‘மீமீளாக்க’ என்பது மூலச்சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தது. சொல்லும்போது நாக்கு தடுக்குகிறது என்பது சின்னக் குறை. பெரிய குறை அந்த ‘மீ’யில் இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கின் இரண்டு சுற்றுகளின் பெயரிலும் ‘சூப்பர்’ வருகிறது. 1918இல் வந்த சூப்பர்ஹெட்டரோடைன் என்ற இன்னொரு ஏற்பிச் சுற்றில் அது காதுக்கு எட்டும் அதிர்வெண்ணுக்கு மேற்பட்டது என்பதைக் குறிக்க வந்த சொல்லின் சுருக்கம். 1922இன் சுற்றில் அது மீளூட்டத்தின் எல்லையைத் தாண்டியது என்பதைக் குறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே ‘மீ’யைப் போட்டால், மீக்கடத்தி, மீக்கணினி என்று பழகிய வாசகர் இரண்டையுமே ‘மிகச் சிறந்த ஏற்பி’ என்று புரிந்துகொள்வார். உண்மையில் அலைவரிசையைப் பிரித்தெடுப்பதில் எழுந்தவி ஏற்பி மிகவும் பின்தங்கியது. பக்கத்து அதிர்வெண்ணில் யார் பேசினாலும் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ‘மீளாக்கம்’ என்ற பகுதியிலும் சிக்கல் உண்டு. அதைக் கேட்டதும் பல்லி வால் மறுபடி வளர்வதுதான் பள்ளி மாணவருக்கு நினைவுக்கு வரும். ரீஜெனரேட்டிவ் சுற்றுக்கு ‘மீளூட்ட ஏற்பி’ என்றால் போதும். பின்னூட்டம் என்ற சொல் ஏற்கனவே எல்லோர் வாயிலும் இருப்பதால் மீளூட்டமும் எளிதாகப் புரியும்.

‘தணியலைவு’ பரிந்துரைத்தவர் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். அவிப்பதுதான் இந்தச் சுற்றின் உயிர்நிலை என்று அவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தணியும் அலைவு என்றதும் இயற்பியல் படித்தவர் தானாக ஓய்ந்துபோகும் ஊசலைத்தான் நினைப்பார், பாடநூலின் தடையுறு அலைவு. அந்தப் பெயரில் எழுச்சி இல்லை. இந்தக் கருவி சமிக்ஞையை அறிவதே எழுச்சியில்தானே?

‘அவி’ என்றால் இட்லி அவிப்பது நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரலாம். ஆனால் விளக்கு அவிந்தது, தீயை அவித்தார்கள் என்பதும் உயிரோடிருக்கும் வழக்கே. வள்ளுவரின் ‘ஐந்தவித்தான்’ என்பதிலும் இதே அவித்தல்தான், கிளம்பும் ஒன்றை அடக்குவது. ‘அணை’யையும் எண்ணிப் பார்த்தேன், மின்னணுவியலில் அது சுவிட்சை அணைப்பதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஈழத்து நண்பர்கள் விளக்கை ‘நூர்ப்பது’ என்பார்கள். அருமையான சொல், ஆனால் தமிழ்நாட்டில் பலருக்குப் புரியாது. எழுந்து அவியும் ஏற்பி, எழுந்தவி ஏற்பி. வினைத்தொகையாக நிற்கிறது, ஒரே மூச்சில் சொல்லவும் முடிகிறது.

இந்த வேரிலிருந்து மற்ற சொற்களும் எளிதாகக் கிளைக்கின்றன என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நொடிக்கு எத்தனை முறை அவிக்கிறது என்பது அவிப்பு அதிர்வெண். ஈழத்தில் அவிப்பு மீடிறன். தனி அலையியற்றி (அலைவை உண்டாக்கும் சுற்று) வைத்து அவித்தால் அயலவிப்பு. மின்தேக்கி மின்னேறி டிரான்சிஸ்டரைத் தானே அடைத்துவிடும் வகை, நம் ரிச்சி தெருப் பலகையைப் போல, தன்னவிப்பு.

ஒலிபெயர்ப்பே போதும் என்ற நண்பருக்கு ஒரு வார்த்தை. கடையில் அப்படியே கேளுங்கள், நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் இது வெறும் மலிவுச் சரக்கின் பெயர் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானங்களின் ‘நண்பரா பகைவரா’ அறியும் கருவியில், மார்க் 3 வகையில், இந்தச் சுற்று இருந்தது. மிகக் குறைந்த மின்திறனில் ஓட வேண்டிய உணரிகளுக்காக இன்றும் இதை ஆராய்கிறார்கள். தமிழில் ஒரு மாணவர் இதை விளக்கி எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே கருவியின் செயல் தெரிய வேண்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

எழுந்தவி ஏற்பி: மீளூட்டத்தால் அலைவை எழவிட்டு, அது நிலைத்துவிடாதபடி சீரான இடைவெளியில் அவித்து, ஒவ்வொரு எழுச்சியின் அளவிலிருந்தும் சமிக்ஞையை உணரும் வானொலி ஏற்பி.

இதில் ‘சீரான இடைவெளியில்’ என்பதை மட்டும் ஒருமுறை பாருங்கள். தன்னவிப்பில் சமிக்ஞையின் வலுவுக்கேற்ப இடைவெளி மாறும் வகையும் உண்டு. ‘திரும்பத் திரும்ப’ என்று போட்டால் இரண்டும் அடங்கும் என்று தோன்றுகிறது.