புதுப்பிப்பு: பெறாமகளின் கலியாணத்தில் வீட்டு வைன்

ஒன்ராறியோவில் வீட்டில் செய்த வைனைக் கலியாணத்தில் பரிமாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பரிமாறினோம்!

விற்பனையில்லாத விசேட நிகழ்வு அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். வைனுக்கோ உள்ளே வருவதற்கோ ஒரு சதமும் வாங்கக் கூடாது. முதலில் பார்த்த மண்டபம் தங்களுடைய மதுதான் என்றது. சரி என்று வேறு மண்டபத்துக்கு மாறினோம்.

கார்பாய், அதாவது வைன் புளிக்க வைக்கும் பெரிய சாடி, 23 லீற்றர், கிட்டத்தட்ட 30 போத்தல் வரும். தெளிய வைப்பதில்தான் உண்மையான வேலை. அடியில் ஈஸ்ட் சேறுபோலப் படிந்திருக்கும். குழாயின் நுனி அதில் படாமல் மேல் வைனை மட்டும் இழுக்க வேண்டும். அப்புறம் நன்றாகக் கிளறி வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் சுருக்கென்று இருக்கும். கலியாணத் தேதி நெருங்குகிறதே என்று இதில் அவசரப்படாதீர்கள்.

பெரியம்மா குடிக்கமாட்டார், கிளாசை முகர்ந்துவிட்டு, "நாவல்பழ வாசமடா தம்பி" என்றார். அதுவே எனக்குப் போதும். மாப்பிள்ளையின் அப்பா செய்முறை கேட்டார். நயாகரா திராட்சை வந்ததும் இருவரும் சேர்ந்து போடப்போகிறோம்.