நீலமா மின்னுற அலைய சேட்டிலைட் முன்னாடியே சொல்லாதா?

திருவான்மியூர்க்காரன்:
போன வாரம் நைட்டு பதினோரு மணி இருக்கும், பீச்சுல அலை நீலமா மின்னுதுன்னு அப்பார்ட்மென்ட் குரூப்ல வீடியோ வந்துச்சு, தூங்கிட்டிருந்த பையன எழுப்பி வண்டில உக்கார வெச்சு ஓடுனா அங்க கடல் கறுப்பா கிடக்கு. 2019 ஆகஸ்ட்லயும் இதே மாதிரி மிஸ் பண்ணேன். நாசா 2024 பிப்ரவரில விட்ட பேஸ் சேட்டிலைட் கடல்ல இருக்குற பிளாங்க்டன, அதான் மிதக்குற குட்டி குட்டி பாசி, உயிரிங்கள பாக்குதாமே, இத முன்னாடியே சொல்ல முடியாதா? அப்புறம் கடல பாக்கத்தான போனாங்க, தூசியும் மேகமும் எதுக்குங்க அளக்குறாங்க?

உப்புக்காத்து:
அந்த மின்னுறது நாக்டிலூக்கா, ஒரே செல்லு உயிரி, அலை அடிச்சா சீண்டுன மாதிரி பளிச்சுனு மின்னும். பேஸ் பாக்குறது பகல் வெளிச்சத்துல கடலோட கலர. பச்சையம் நீலத்த உறிஞ்சிக்கும், அதனால பாசி நிறைய இருந்தா தண்ணி பச்சையா தெரியும். நம்ம இஸ்ரோ சேட்டிலைட் ஓஷன்சாட்-3ல இருக்குற கேமரா வெளிச்சத்த 13 பேண்டா, அதாவது 13 கலர் பட்டையா பிரிச்சு பாக்குது, பேஸ் புற ஊதால இருந்து 5 நானோமீட்டர் இடைவெளில ரொம்ப நுணுக்கமா பிரிச்சு பாக்குறதால எந்த வகை பாசின்னு ஓரளவு பிரிச்சு சொல்லிடும். ஆனா அதோட ஒரு புள்ளியே கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர், உங்க பீச்சுல கரையோரமா மின்னுற அந்த பத்தடி நுரை அதுக்கு எங்க தெரியப்போகுது.

மொட்டைமாடி:
தூசி மேட்டருக்கு வரேன். போகி அன்னிக்கு காலைல மாடில நின்னு எதிர்வீட்டு சுவர் என்ன கலர்னு சொல்லுங்க பாப்போம். அதே பாடுதான் சேட்டிலைட்டுக்கும், கடல் மேல இருந்து அதுக்கு வர்ற வெளிச்சத்துல சுமார் 90 சதவீதம் நடுவுல இருக்குற காத்துலயும் தூசிலயும் பட்டு சிதறி வர்றது, கடலோடது மிச்சம் கொஞ்சூண்டு. காத்து சிதறடிக்கிறத கணக்கு போட்டுடலாம், புகை தூசி உப்புத்துளி தான் தினம் மாறும். அதுக்குத்தான் கூடவே ஹார்ப்-2, ஸ்பெக்ஸ்ஒன்னுனு ரெண்டு போலாரிமீட்டர், வெளிச்சம் எந்தத் திசைல அதிருதுன்னு அளக்குற கருவி. போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுட்டு தலைய சாச்சு சாச்சு கடல பாருங்க, பளபளப்பு கூடும் குறையும், அந்த மாதிரி பல கோணத்துல பாத்து துகள் சின்னதா பெருசா, புகையா தூசியான்னு கண்டுபிடிக்கும்.

காசிமேட்டுபையன்:
எங்கப்பா விசைப்படகு வெச்சிருக்காரு. கடல் சூடும் பச்சையமும் சேட்டிலைட்ல பாத்து ஐதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற அரசாங்க கடல் தகவல் மையத்துல இருந்து மீன் எங்க கூடும்னு மெசேஜ் வரும், எந்தப் பக்கம், எவ்ளோ தூரம், எவ்ளோ ஆழம்னு. மேகம் மூடிடுச்சுன்னா ஒண்ணும் வராது, கலர் கேமராவால மேகத்துக்கு கீழ பாக்க முடியாதுல்ல, ஐப்பசி கார்த்திகைல பாதி நாள் அதான் கதை. மின்னுற நாள்ல வலை இழுக்குறப்ப கயிறெல்லாம் ஜொலிக்கும், அப்பாவுக்கு அதுல சந்தோஷமே கிடையாது, மீனுக்கு வலை தெரிஞ்சு ஓடிடும்பாரு.

திருவான்மியூர்க்காரன்:
சூப்பர் ப்ரோ. அப்பா அடுத்த தடவ கயிறு ஜொலிக்குதுன்னு திட்டுனா எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, எந்த நேரமா இருந்தாலும் பரவால்ல.