கிளினிக் கொப்பி யார் கையில்?

உப்புவெளி மகள்:

போன மாதம் அம்மாவையும் அப்பாவையும் கிளினிக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருடமும் அவர்கள் இருவரும் தனியாகத்தான் போய்வந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடிவிட்டதால் இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன். விடிய ஐந்தரைக்கே நம்பர் எடுக்க வரிசை. அம்மாவின் துணிப்பைக்குள் மருந்தும் பரிசோதனையும் பதியும் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. மேலே அப்பாவின் கொப்பி, பிளாஸ்டிக் உறை போட்டு, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் எல்லாம் திகதி வரிசையில் ஒட்டி. கீழே அம்மாவுடையது. உறை இல்லை, மூலைகள் மடிந்திருந்தன.

"ஐயா, இரவில என்ன குளிசை போடுறீங்கள்?" என்று டொக்டர் அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சொன்னார்: "பிறஷருக்குப் பாதி, சீனிக்கு ஒண்டு, கொழுப்புக்கு ஒண்டு. போன கிழமை ஒருநாள் மறந்திட்டார்." அப்பாவுக்கு 76 வயது. முப்பது வருடம் அரச அலுவலகத்தில் ஒரு சதம் பிசகாமல் கணக்கு எழுதியவர். தான் விழுங்கும் குளிசையின் பெயர் அவருக்குத் தெரியாது.

அடுத்தது அம்மாவின் முறை. "எனக்கு ஒண்டும் இல்லை டொக்டர், பழைய மருந்தையே எழுதித் தாங்கோ." டொக்டர் பக்கங்களைப் புரட்டினார். கண் கிளினிக்குப் போகச் சொல்லி எட்டு மாதத்துக்கு முன்பு கொடுத்த கடிதம் மடித்தபடியே உள்ளே இருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டால், அன்றைக்கு அப்பாவுக்கு ஸ்கான் இருந்ததாம். அப்புறம் அதை ஞாபகப்படுத்த வீட்டில் ஒருவரும் இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஞாபகப்படுத்துகிறவரே அம்மாதான்.

நான் சமூகவியல் படித்தவள். கல்யாணம் ஆண்களின் உடல்நலத்தைக் கூடுதலாகக் காப்பது ஏன் என்று டெப்ரா அம்பர்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1992இல் எழுதிய ஆய்வைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். குடியைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு, டொக்டரைப் பார் என்று ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருப்பது அதற்கு ஒரு காரணம். அப்படிச் சொல்வது கணவனைவிட மனைவிதான் அதிகம் என்று அவர் கண்டார். அன்று நான் மனப்பாடம் செய்தது அம்மாவின் துணிப்பையைப் பற்றித்தான் என்பது அந்தக் கிளினிக் வாங்கில் இருந்தபோதுதான் விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

உங்கள் வீடுகளில் எப்படி? கொப்பி யார் கையில் இருக்கிறது? கீழே இருக்கும் கொப்பியை யார் திறந்து பார்க்கிறார்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.

கிண்ணியா மகன்:

இதை வாசித்ததும் என் உம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், பிறகு சிறுநீரகம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதையில், அதாவது கடத்துப் படகில், ஏறித்தான் கடக்க வேண்டும். காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் உம்மா அவரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். பாலம் வந்த பிறகு பஸ், ஓட்டோ. எப்படிப் பார்த்தாலும் பதினாறு வருடம்.

வாப்பா மவுத்தானதும் உம்மா இத்தா இருந்தார், கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் காலம் அது. நாலு மாதமும் பத்து நாளும். இரண்டாவது மாதத்திலேயே அவருடைய பிறஷர் குளிசை முடிந்திருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் கால் வீங்கியிருப்பதை என் மனைவி கண்டுதான் கேட்டாள். "இத்தாவில வெளியே போறது எப்படி மகள்?" என்றார் உம்மா. நான் உடனே மௌலவியிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வைத்தியம் அவசியத் தேவை, தாராளமாகக் கூட்டிப்போங்கள் என்றார். அன்று பின்னேரம் அளந்தபோது பிறஷர் 190.

பிறகு நான் நிறைய யோசித்தேன். மார்க்கம் தடுத்தது என்று நான் நினைக்கவில்லை. மார்க்கம் வழி வைத்திருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதினாறு வருடத்தில் உம்மா தனக்காக என்று ஒருநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. வாப்பாவின் நாளில்தான் தன் மருந்தையும் வாங்கி வருவார். வாப்பாவோடு அந்தக் காரணமும் போய்விட்டது. தனக்காக மட்டும் ஒரு ஓட்டோவைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. இப்போது கிளினிக் நாள் என் போனில் இருக்கிறது. நான் மகன், இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் இருந்தவன்:

எங்கள் வீட்டில் இரண்டு கொப்பியும் என் கையில்தான்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடம். வலது பக்கம் ஏலாது. குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, இன்சுலின் போடுவது எல்லாம் நான். தலை பின்னத்தான் சிரமப்பட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் காட்டித் தந்தது. இப்போது மூன்று புரியும் ஒழுங்காக வருகிறது, மனைவி கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையாட்டுவா.

போன மாரியில் சளி கட்டி அவவை வார்டில் மறித்தார்கள். பெண்கள் வார்டு என்பதால் இரவில் ஆண்கள் நிற்க முடியாது. அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன், மற்றப் பெண்களும் படுத்திருக்கிற இடம். ஆனால் அவவின் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும். "வீட்டில பொம்பிளை ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டார்கள். மகள் கனடாவில். காசு கொடுத்து ஒரு அம்மாவை நிறுத்திவிட்டு, கேற்றுக்கு வெளியே கடை வாங்கில் விடியும்வரை இருந்தேன். தண்ணீர் கேட்டால் அந்த அம்மாவுக்கு விளங்குமா என்ற ஒரே நினைப்பு.

இன்னொன்று மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். தெருவில் எல்லோரும் என்னைத் தெய்வம் என்கிறார்கள். கோயிலில் கண்டால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, படுக்கையில் விழுந்த புருஷனை ஒன்பது வருடம் பார்த்தார். அவரை ஒருவரும் தெய்வம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.

உப்புவெளி மகள்:

ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலை பின்னிய இடத்தில் அழுதுவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா? உங்கள் கொப்பியில் கடைசித் திகதி என்ன? 1999இல் ஷுல்ஸ், பீச் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 66 வயதுக்கு மேற்பட்டவர்களை நாலு வருடம் பின்தொடர்ந்து பார்த்தது. துணையைக் கவனித்துக்கொண்டு, அந்தப் பாரத்தால் உடலும் மனமும் இறுகிப்போனவர்கள் இறக்கும் அபாயம், அப்படிக் கவனிக்க வேண்டிய நிலை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. கவனித்தும் அந்த இறுக்கம் இல்லாதவர்களுக்கு அபாயம் அப்படிக் கூடவில்லை. ஆகவே பார்ப்பது ஆளைக் கொல்வதில்லை, தனியாகப் பார்ப்பதுதான் கொல்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கிழமையில் இரண்டு பின்னேரம் யாராவது வந்து உங்கள் மனைவியோடு இருக்க ஒழுங்கு செய்யலாமா? நான் டவுனுக்கு வருகிற நாட்களில் என்னால் முடியும்.

தம்பலகாமம் வாத்தியார்:

நான் பெண்சாதியை இழந்தவன். ஐந்து வருடம்.

அவவும் ஆசிரியை, நான் தமிழ் படிப்பித்தவன். அவவின் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு எனக்கு வர வேண்டும் என்று படிவம் நிரப்பப் போனபோது, அதில் "தபுதாரர்" என்று இருந்தது. பக்கத்தில் நின்ற இளம் பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, விளங்கியதால் பேனா ஓடவில்லை. தொல்காப்பியத்தில் வரும் சொல் அது. காதலியை இழந்தவன் நிலை தபுதார நிலை. தபு என்றால் அழிவு, தாரம் மனைவி. காதலனை இழந்தவள் நிலையோ தாபத நிலை. தாபதம் என்றால் தவம். ஆணுக்கு வந்த பெயர் அவன் இழந்ததைச் சொல்கிறது. பெண்ணுக்கு வந்த பெயர் அவள் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. இருபது வருடம் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை.

சட்டமும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. இலங்கையில் அரச ஊழியரின் விதவைக்கு ஓய்வூதியம் என்பது 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். பெண் ஊழியர் இறந்தால் கணவனுக்கு என்பது 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். பெண்ணின் உழைப்பில் ஒரு ஆண் சீவிக்கக்கூடும் என்று எழுத்தில் வர 85 வருடம் எடுத்திருக்கிறது.

சரி, காசு வந்தது. சோறு வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பந்தலைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போன பிறகு, குசினியில் போய் நின்றேன். உப்புப் போத்தல் எது, சீனிப் போத்தல் எது என்று நக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆறு மாதம் பாணும் வாழைப்பழமும். பதினொரு கிலோ குறைந்தேன். அவவின் தலையணைக்குப் பக்கத்தில் என் குளிசைகளைக் காலை, இரவு என்று சின்னச் சின்ன உறைகளில் பிரித்து வைத்திருந்தா, இரண்டு கிழமைக்கு. அதில் கடைசி ஒன்று மிஞ்சியதோடு நான் குளிசை போடவில்லை. மறதி இல்லை. அந்தக் கடைசி உறையைக் கிழிக்க மனம் வரவில்லை.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது எதிர்வீட்டுத் தம்பி. ஒருநாள் வயலுக்கு வரும்படி கூப்பிட்டான், அப்புறம் நாள்தோறும் கூப்பிட்டான். இப்போது சோறும் பருப்பும் ஒரு சொதியும் வைப்பேன். பொரியல் இன்னும் கருகுகிறது.

உப்புவெளி மகள்:

வாத்தியார் ஐயா, அந்த ஆறு மாதத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4486 ஆண்களைப் பற்றி 1969இல் பிரித்தானியாவில் கொலின் மரி பார்க்ஸும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதில் மனைவியோடு இருந்த ஆண்களைவிட அது சுமார் 40 சதவீதம் கூட. அந்தக் கூடுதல் பெரும்பாலும் இதய நோய்களால். நீங்கள் அந்த ஆறு மாதத்தைக் கடந்து வந்திருக்கிறீர்கள். எதிர்வீட்டுத் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

முப்பத்திரண்டு வருடம் வார்டிலும் கிளினிக்கிலும் நின்றவள் நான். இங்கே எழுதியவர்கள் எல்லோரையும் எனக்கு முன்பே தெரியும் போல இருக்கிறது.

ஆண்களுக்கு நெஞ்சு நோவு என்றால் மனைவி சொல்வாள்: "இரவிரவாய் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தவர்." அவர் "ஒண்டுமில்லை, வாய்வு" என்பார். மனைவி கூட வராத ஆண் இரண்டு நாள் பிந்தி வருவார். பெண்களுக்கு நோவு என்றால் அவர்களேதான் சொல்ல வேண்டும், அவர்களோ வெறும் களைப்பு என்று முடித்துவிடுவார்கள். 2011இல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் தொடங்கியபோது நோய் வருமுன் பார்க்கலாம் என்று நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். பெண்கள் வந்தார்கள். ஆண்களை வரவைப்பது இன்றுவரை பெரும்பாடு, எங்கள் ஊரில் மட்டும் இல்லை, நாடு முழுவதும்.

நாங்கள் ஆண்களைவிட ஆறேழு வருடம் கூட வாழ்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வருடங்களை நான் கண்டிருக்கிறேன். முழங்கால், கண், எலும்பு முறிவு. புருஷன் வயதில் மூத்தவர் என்பதால் அவரைப் பார்த்து அனுப்பிவிட்டு, பார்க்க ஆளில்லாத வீட்டில் கழிகிற வருடங்கள் அவை.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். இருவருக்கும் ஒரே பை வேண்டாம், இரண்டு பை வையுங்கள். மருந்தின் பெயர், எத்தனை, எந்த நேரம் என்று பெரிய எழுத்தில் எழுதி உறையின் உள்பக்கம் ஒட்டுங்கள். அவருடையதை அவரே எழுதட்டும். கை நடுங்கினாலும் பரவாயில்லை. டொக்டர் கேட்டால் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. துறைமுக ஐயா, உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இரவில் நிற்க நம்பிக்கையான இரண்டு பெண்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவருக்குப் பக்கவாதக்காரரின் பேச்சு விளங்கும்.

துறைமுகத்தில் இருந்தவன்:

செய்தி கிடைத்தது அம்மா. என் கொப்பியில் கடைசித் திகதி பதினொரு மாதத்துக்கு முன்பு. வியாழக்கிழமை போகிறேன்.

உப்புவெளி மகள்:

நேற்றிரவு அப்பா தன் மருந்துகளை எழுதினார். அலுவலகத்தில் எழுதியதுபோல் கோடு போட்டு, இலக்கமிட்டு. எழுதி முடித்துவிட்டு, "உம்முடையதையும் சொல்லும், எழுதுறன்" என்று அம்மாவைக் கேட்டார். தன் குளிசையில் ஒன்றின் பெயர் அம்மாவுக்கும் தெரியவில்லை.

நாளை அம்மாவின் கண் கிளினிக். அப்பா தானும் வருகிறேன் என்கிறார். அவரை வெயிலில் கூட்டிப்போக வேண்டாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். போய்வந்து எழுதுகிறேன்.