மீத்தேனா, ஹைட்ரஜனா? கருவிகள் வருமுன் எரியும் வாயுக்களை எப்படிப் பகுத்தார்கள்?

ஆத்தூர் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ஆத்தூருக்கு அருகில் எங்கள் குடும்பத்தார் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறார்கள். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து மாவும் திப்பியும் (சக்கையும்) பிரித்தபின் மிஞ்சும் கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்க விட்டு, அதில் எழும் வாயுவை அடுப்புக்குக் கொண்டுபோகிறோம். மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், மீத்தேன் இவ்வளவு, கரியமில வாயு இவ்வளவு என்று ஒரு தாள் வந்துவிடுகிறது. வேதியியல் முதுகலை படிக்கும் எனக்கு அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு ஆகிய மூன்றுக்கும் நிறமும் இல்லை, மணமும் இல்லை. தீக்குச்சியைக் காட்டினால் மூன்றும் எரியும். அப்படியிருக்க, 200 ஆண்டுகளுக்கு முன் இவற்றை வெவ்வேறு பொருள்கள் என்று எவ்வாறு கண்டார்கள்? கலந்திருக்கும்போது அளவை எவ்வாறு பிரித்தார்கள்?

ஏற்காட்டு ஆசிரியர்:
வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

உலோகத்தின் மீது அமிலம் ஊற்றிப் பெற்ற "எரியும் காற்றை" 1766இல் ஆங்கில அறிவியலாளர் கேவண்டிஷ் முறையாக ஆராய்ந்து எழுதினார். நாம் ஹைட்ரஜன் என்பது அதைத்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 1776 நவம்பரில், இத்தாலியில் மஜோரே ஏரியின் சதுப்புக் கரையில் வோல்டா சேற்றைக் கம்பால் கிளறி, மேலெழும் குமிழிகளை நீர் நிரப்பிய பாத்திரத்தில் பிடித்தார். நம் சேலத்து மூக்கனேரிக் கரையில் கோடைக்காலத்தில் காலை வைத்தால் சேற்றிலிருந்து கொப்புளம் எழுமே, அதே வாயுதான். அது நீலச் சுடருடன் மெல்ல எரிந்தது. முழுதாக எரிய உலோகத்திலிருந்து வந்த காற்றைவிட மிகுதியான காற்றையும் கேட்டது. ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு காற்று போதும்; ஒரு பங்கு மீத்தேனுக்கு ஏறத்தாழ பத்துப் பங்கு வேண்டும். எரிகிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எரிய எவ்வளவு காற்று வேண்டும் என்று அளந்த இடத்தில்தான் எரிவாயுப் பகுப்பாய்வு தொடங்கியது என்பது என் துணிபு.

அளப்பதற்கு யூடியோமீட்டர் என்ற கருவி இருந்தது. ஒரு முனை மூடிய, அளவுக்கோடுகள் இட்ட தடித்த கண்ணாடிக் குழாயை நீரிலோ பாதரசத்திலோ கவிழ்த்து, உள்ளே வாயுவையும் ஆக்சிஜனையும் விட்டு, மேல்முனையில் பதித்த இரு கம்பிகளுக்கிடையே மின்பொறி பாய்ச்சுவார்கள். வெடித்து அடங்கியதும் உண்டான நீராவி துளியாகிவிடும். குழாயினுள் நீர்மட்டம் சட்டென்று உயரும். எவ்வளவு கன அளவு குறைந்தது என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் காட்டினால் கரியமில வாயு உறிஞ்சப்பட்டு மட்டம் மீண்டும் ஏறும். இந்த இரண்டு எண்களே முடிவைச் சொல்லிவிடும். ஹைட்ரஜன் எரிந்தால் அதன் அளவைப்போல் ஒன்றரை மடங்கு குறையும், கரியமில வாயு வராது. கார்பன் மோனாக்சைடு எரிந்தால் அரை மடங்கு குறைந்து, அதன் அளவுக்கே கரியமில வாயு கிடைக்கும். மீத்தேனுக்கு இரு மடங்கு குறைவு, அதே அளவு கரியமில வாயு.

மான்செஸ்டர் சுற்றுவட்டாரக் குளங்களில் டால்டன் 1804இல் சேற்று வாயுவைப் பிடித்து ஆராய்ந்ததும் இந்த வழியில்தான். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மற்றொரு வாயுவான எத்திலீனோடு ஒப்பிட்டபோது, ஒரே அளவு கார்பனுக்கு இதில் ஹைட்ரஜன் இரு மடங்கு இருப்பதைக் கண்டார். அவருடைய அணுக்கொள்கைக்கு அது பெரிய துணையாயிற்று. 1815இல் டேவி சுரங்கத்து வெடிவாயுவைப் பகுத்து, அதில் எரிவது பெரும்பாலும் இதே வாயுதான் என்று உறுதிசெய்தார்.

மேட்டூர்க்காரர்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு, தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் மேட்டூர்ப் பக்கம் ஓர் ஆலையில் கொதிகலன் புகையை ஆர்சாட் கருவியில் சோதித்துவந்தேன். அதில் மூன்று குப்பிகள் வரிசையாக இருக்கும்: முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அடுத்து காரம் கலந்த பைரோகலால், கடைசியில் குப்ரஸ் குளோரைடு. இவை முறையே கரியமில வாயு, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை உறிஞ்சும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவசரத்தில் இரண்டாம் குப்பியை முதலில் திறந்துவிட்டேன். ஆக்சிஜன் அளவு நம்பமுடியாத அளவுக்கு ஏறிக் காட்டியது. பைரோகலால் குப்பியில் காரம் இருப்பதால் கரியமில வாயுவையும் அதுவே விழுங்கிவிடும். குப்ரஸ் குளோரைடும் ஆக்சிஜனை விடாது. ஆகவே வரிசை தவறினால் கணக்கு முழுவதும் தவறும். வாயுவை ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பலமுறை அனுப்பி வாங்கி, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒன்றாக நின்ற பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

மீத்தேனையும் ஹைட்ரஜனையும் இந்தக் கரைசல்கள் எதுவும் தொடாது. அதனால்தான் மிஞ்சியதை எரித்துப் பார்க்கிறார்கள்.

ஆத்தூர் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. ஓர் ஐயம். மிஞ்சிய வாயு 20 மி.லி.தான் என்றால், 20க்கு மேல் கன அளவு எப்படிக் குறைய முடியும்? இன்னொன்று, ஏற்காட்டில் அளந்தால் விடை மாறுமா?

ஏற்காட்டு ஆசிரியர்:
எரியும்போது நாம் சேர்த்த ஆக்சிஜனும் செலவாகிறது அல்லவா? மிகுதியாக ஆக்சிஜன் சேர்த்து வெடிக்கச் செய்தபின் 38 மி.லி. குறைந்தது, கரியமில வாயு 16 மி.லி. என்று கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடை முன்பே நீக்கிவிட்டதால் அந்த 16ம் மீத்தேனிலிருந்து வந்ததே. எனவே மீத்தேன் 16. அதற்குரிய குறைவு 32. மீதி 6ஐ ஒன்றரையால் வகுத்தால் ஹைட்ரஜன் 4. கூட்டினால் 20 சரியாக வருகிறது. கூட்டுத்தொகை 20க்குக் குறைந்தால், எஞ்சியது நைட்ரஜன் போன்ற எரியாத வாயு.

சேலத்தில் காற்றழுத்தம் 735 மி.மீ. பாதரசத்தை ஒட்டியிருக்கும்; சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 640 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே அதே வாயு இங்கே அதிக இடத்தை அடைக்கும். ஆனால் எல்லா அளவீடுகளையும் ஒரே இடத்தில், ஒரே வெப்பநிலையில் எடுத்தால் விழுக்காடு மாறாது. வெடிப்புச் சோதனையை மட்டும் தயவுசெய்து வீட்டில் செய்ய வேண்டாம். ஆக்சிஜன் கலந்த மீத்தேன் கண்ணாடியைச் சிதறடித்துவிடும்.

மேட்டூர்க்காரர்:
கரியமில வாயுவை மட்டும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தாராளமாக அளக்கலாம், தங்கையே. வாயுவை வெறும் தண்ணீரின் மேல் பிடிக்காதீர்கள். கரியமில வாயு அதில் கரைந்துவிடும். சிறிது அமிலம் சேர்த்த செறிந்த உப்புநீர் நல்லது. சேகோத் தொட்டி வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும்; காரம் அதையும் உறிஞ்சி, கரியமில வாயுவின் கணக்கில் ஏற்றிவிடும். அதனால் வாயுவை முதலில் மயில்துத்தக் கரைசல் வழியாக அனுப்புங்கள். லெட் அசிடேட்டில் நனைத்த தாள் கருக்காமல் இருந்தால், அது முழுதும் நீங்கிவிட்டது என்று கொண்டு அளக்கத் தொடங்கலாம்.