மறு: 'குக்கி கட்டர்' – கலைச்சொல் தேவை

> 'பிஸ்கட் அச்சு' போதுமே, எல்லாருக்கும் புரியும்.
>> மாவுவெட்டி? பாக்குவெட்டி, நகவெட்டி வரிசையில் வந்துவிடும்.

வணக்கம்.

தேய்த்த மாவிலிருந்து பிஸ்கட் உருவங்களை வெட்டும் 'குக்கி கட்டர்' கருவிக்கு மேலே சொன்ன இரண்டு சொல்லும் எங்கள் சென்னைப் பெரம்பூர், ராயபுரம் அடுப்பங்கரையில் நிற்காது.

டிசம்பர் பிறந்தால் இங்கே ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கல்கல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரம், அச்சு முறுக்கு வேலை ஆரம்பித்துவிடும். அச்சு முறுக்கு அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, முக்கால்வாசிதான் மாவில் முக்க வேண்டும். மேல் விளிம்பும் முங்கினால் முறுக்கு கழன்று வராது. கொழுக்கட்டை அச்சோ மாவை உள்ளே வாங்கி உருக் கொடுக்கும். நாம் பேர் தேடுகிற சாமானுக்கு இந்த இரண்டு வேலையும் கிடையாது. அடித்தட்டே இல்லாத வெறும் சுற்றுச்சுவர் அது. தேய்த்த மாவின் மேல் வைத்து அழுத்தினால் நட்சத்திரமோ மணியோ தனியே வரும். சோமாசிக்கு வட்டம் போட டப்பா மூடியை எடுக்கிறோமே, அதே வேலைதான். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீட்டில் "அச்சை எடு" என்றால் "எந்த அச்சு?" என்றுதான் பதில் வரும்.

மாவுவெட்டி நல்ல சொல்தான், ஆனால் வேறொன்றுக்கு. பேக்கரியில் பிசைந்த மாவைத் துண்டு போடவும், பலகையில் ஒட்டியதைச் சுரண்டவும் ஒரு தகடு வைத்திருப்பார்கள். அதற்கு விட்டுவைப்போம்.

என் பரிந்துரை: வெட்டச்சு. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. பிஸ்கட்டை இதில் நுழைக்க வேண்டாம். சப்பாத்தி மாவுக்கும் களிமண்ணுக்கும் இதே கருவிதான். (பிஸ்கட்டுக்குத் தமிழில் உருவாக்கிய 'ஈரட்டி' என்ற சொல்லை வைத்து 'ஈரட்டி வெட்டச்சு' என்று யாராவது தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: எந்த டீக்கடையிலும் ஈரட்டி கேட்டு யாரும் வாங்கியதில்லை.)

கையால் செய்கிற தகர வெட்டச்சுக்கு உறுப்புப் பெயர்களும் வேண்டும். தகரத்தைப் பட்டையாக நறுக்கி, ஒரு ஓரத்தை மடித்துத் தட்டி, அப்புறம்தான் உருவத்துக்கு வளைப்பார்கள். மடித்த ஓரம் உள்ளங்கைக்கு. மடிக்காத ஓரம் மாவுக்கு. முன்னதை 'மடிப்பு' என்றும் பின்னதை 'வாய்' என்றும் சொல்லலாம், கத்திக்குச் சொல்வது போல. பட்டையின் இரு முனையும் சேருமிடம் 'மூட்டு'.

மூட்டில்தான் சொல் கவனம் தேவை. 'ஈயம் வைத்துப் பற்றவைத்தது' என்று எழுதினால் வெள்ளீயமா காரீயமா என்று தெரியாது. மூட்டை ஒட்ட உருக்கி வைக்கும் உலோகக் கலவையான பற்றாசில், பழைய வகையில் இரண்டும் கலந்திருக்கும். தின்பண்டம் தொடுகிற சாமானுக்குக் காரீயம் ஆகாது. வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியோ செம்போ சேர்ந்த பற்றாசு கிடைக்கிறது. ஆகவே கலைச்சொல் பதிவில் 'காரீயமில்லாப் பற்றாசு' என்றே இருக்கட்டும். தகரம் என்பதும் இங்கே தனி வெள்ளீயம் இல்லை, வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. நறுக்கிய வாய்ப்பக்கம் பூச்சு இருக்காது, துருவும் அங்கேதான் முதலில் ஏறும். கழுவினால் உடனே துடைத்து, சூடு ஆறாத ஓவனுக்குள் வைத்து உலர்த்த வேண்டும்.

பதிவுக்கு என் வாசகம்: "வெட்டச்சு – பரப்பிய மாவிலிருந்து உருவங்களை வெட்டியெடுக்கும், அடித்தட்டில்லாத விளிம்புக் கருவி."

உள்ளே ஸ்பிரிங் வைத்து, வெட்டிய மாவை வெளியே தள்ளிவிடும் பிளாஸ்டிக் வகை ஒன்று இருக்கிறது. 'தள்ளு வெட்டச்சு' எனக்கே பிடிக்கவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.