‘பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தார்’: வண்டியைப் பார்க்காமலே இப்படி எழுதலாமா?

கெடிலக்கரையான் (மஞ்சக்குப்பம், கடலூர்)
போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு லாரன்ஸ் ரோட்டில் அப்பா ஓட்டிய கார் ஒரு இளநீர் வண்டி மேல் மோதிவிட்டது. அப்பாவுக்கு 71 வயசு. நாற்பது வருஷமாக ஓட்டுகிறார், இதுவரை ஒரு கேஸ் கிடையாது. இது கிளட்ச் இல்லாத கார், வாங்கி எட்டு மாசம்தான் ஆகிறது. மெடிக்கல் ஷாப் எதிரே நிறுத்தப் போகும்போது வண்டி தானாகச் சீறியது, பிரேக்கை அழுத்த அழுத்த வேகம் கூடியது என்கிறார். இளநீர்க்கார அண்ணனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் காலைப் பேப்பரில் வந்தது இது: ‘தறிகெட்டு ஓடிய கார். பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்த முதியவர்.’ அந்த நேரத்தில் கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்ததே திங்கட்கிழமைதான். எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டு, ‘வயசானவங்க கையில சாவி குடுக்காதீங்க’ என்று எழுதுகிறார்கள். அப்பா அதைப் படித்தார். அதிலிருந்து வாசல் பக்கமே வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அவர் கால் எதன் மேல் இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

மரப்பாலம் மெக்கானிக் (புதுச்சேரி)
தம்பி, அப்பாவுக்கு அடி எதுவும் இல்லையே? அதுதான் முதல்ல. நான் 26 வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறவன், மனசு நோகாம கேளுங்க. ‘அழுத்த அழுத்த வேகம் கூடிச்சு’ன்னு அவர் சொன்ன அந்த ஒரு வரியே போதும். எந்த காரா இருந்தாலும் பிரேக்கோட பலம் என்ஜின் பலத்தைவிட ஜாஸ்தி. 2010 வாக்குல அமெரிக்காவுல ஒரு கார் பத்திரிகைக்காரங்க டொயோட்டா கேம்ரியில ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சபடியே 112 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் அடிச்சுப் பார்த்தாங்க. வண்டி நின்னுச்சு, வழக்கத்தைவிட 16 அடிதான் கூடுதலா ஓடிச்சு. அழுத்த அழுத்தக் கூடுதுன்னா, கால் இருக்கிற இடம் பிரேக் இல்ல.

அவர் பொய் சொல்றார்னு சொல்லல. இப்படி நடக்கிறவங்க எல்லாரும் பிரேக்தான் மிதிச்சேன்னு மனசார நம்புறாங்க. பார்க்கிங் பண்ணும்போது பின்னால திரும்பிப் பார்ப்போம், இடுப்பு திரும்பும், குதிகாலும் கூடவே நகரும். முன்னால திரும்பி வர்றப்போ கால் இறங்குற இடம் ரெண்டு அங்குலம் தள்ளிப் போயிருக்கும். வண்டி சீறினதும் பயத்துல இன்னும் ஓங்கி அழுத்துவாங்க. கை நடுக்கம் இல்லாத 30 வயசுப் பசங்களுக்கும் இது நடந்து பார்த்திருக்கேன்.

ஒண்ணு மட்டும் கவனம். பெட்ரோல் வண்டியில, நாம மிதிக்கிற பலத்தைப் பெருக்கிக் குடுக்கிற பிரேக் பூஸ்டருக்கு பலம் குடுக்கிறது என்ஜின் இழுக்கிற வெற்றிடம். ஆக்சிலேட்டர் முழுசா திறந்து கிடக்கிறப்போ புதுசா வெற்றிடம் வராது. உள்ள இருக்கிறது ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிச்சா பெடல் கல்லாயிடும். ஒரே மிதி, எடுக்கவே கூடாது.

வில்லியனூர் வாசகி
அண்ணா, உங்கள் கடைசிப் பத்தியே உங்கள் முதல் பத்திக்குப் பதில். ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டு, பயத்தில் நாலு தடவை விட்டு விட்டு மிதித்தவரும் ‘மிதித்தேன், நிற்கவில்லை’ என்றுதானே சொல்வார்?

2009 ஆகஸ்ட் 28, கலிஃபோர்னியாவில் சான்டீ. சர்வீஸுக்கு விட்ட காருக்குப் பதிலாகக் கார்க் கடை கொடுத்திருந்த லெக்சஸ் கார் (டொயோட்டா தயாரிப்புதான்) ஒன்று நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடி நாலு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் அதிகாரி, வண்டி ஓட்டத் தெரியாதவர் இல்லை. அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டே போனார்கள். பிரேக் எரிந்து தேய்ந்து கிடந்தது. காரணம் வேறு மாடலுக்கான ரப்பர் மேட். அது நகர்ந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டது. அதே காரைச் சில நாள் முன்பு ஓட்டிய இன்னொருவர், மேட் சிக்குகிறது என்று கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் 38 லட்சம் வண்டிகளுக்கு மேட் பற்றிய ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது, 2010 ஜனவரியில் பெடலே ஒட்டிக்கொள்கிறது என்று 23 லட்சத்துக்கு இன்னொன்று. இந்த விஷயத்தில் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-ல் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. ஆரம்பத்திலேயே எல்லாரும் ‘ஓட்டியவர் தப்பு’ என்று எழுதி முடித்திருந்தால் இதில் எது வெளியே வந்திருக்கும்?

மரப்பாலம் மெக்கானிக்
வாசகிம்மா, மேட் கதை உண்மை, மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னும் சொல்லணும். டொயோட்டா எலக்ட்ரானிக்ஸ்ல கோளாறான்னு நாசா எஞ்சினியர்களை வெச்சே பத்து மாசம் தோண்டினாங்க. 2011 பிப்ரவரியில, அப்படி வண்டியைச் சீற வைக்கிற மின்னணுக் கோளாறு எதுவும் கிடைக்கலன்னு அமெரிக்க அரசு சொல்லிச்சு. மோதின 58 வண்டியில, மோதுற நேரத்து வேகம், பிரேக் எல்லாம் குறிச்சு வைக்கிற பதிவுப் பெட்டியைப் படிச்சதுல 35-ல பிரேக் மிதிபடவே இல்ல.

பத்திரிகை, டி.வி. பண்ணுற தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. 1986 நவம்பர்ல அமெரிக்க டி.வி. ஒண்ணு ‘ஆடி 5000’ங்கிற கார் தானா ஓடுதுன்னு காட்டிச்சு. அந்தக் காரோட கியர்பாக்ஸ்ல ஓட்டை போட்டு, காத்தடைச்ச சிலிண்டர் வெச்சு பெடலை இறக்கிக் காட்டினாங்க. பார்த்தவங்களுக்கு அது சொல்லப்படல. 1985-ல அங்க 74,000 வித்த ஆடி 1991-ல 12,000-க்கு இறங்கிச்சு. 1989-ல வந்த அரசு அறிக்கை பெரும்பாலும் பெடல் மாறி மிதிச்சதுதான்னு முடிச்சுது. ஒரு கம்பெனி மேல பொய்ப் பழி போட்டாலும் பாவம்தானே?

வில்லியனூர் வாசகி
பாவம்தான். ஆனால் அதே ஆடி விஷயத்தில் நடந்த ஒன்றை விட்டுவிட்டீர்கள். கால் மாறியது ஓட்டியவரின் தவறு என்றாலும், பிரேக்கை மிதித்தால்தான் ‘பார்க்’ (நிறுத்தம்) நிலையிலிருந்து கியர் நகரும் என்கிற பூட்டை அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான் பொருத்தினார்கள். இன்றைக்கு ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அது காவல். ஜப்பானைப் பாருங்கள். 2019-ல் டோக்கியோ இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. வண்டிக் கோளாறு என்று அவர் வாதாடினார். பெடல் மாறியதுதான் என்று 2021-ல் தீர்ப்பு வந்தது, ஐந்து வருட சிறை. அதோடு அவர்கள் விடவில்லை. பெடல் மாறி மிதித்தால் வேகத்தை அடக்கும் கருவி 2028 செப்டம்பர் முதல் புது ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயம். நம் ஊர்ச் செய்தியில் ‘முதியவர் மிதித்தார்’ என்றதும் கதை முடிந்துவிடுகிறது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

சேதிக்காரன்
நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். இந்தச் செய்தியை எழுதியவன் நானில்லை, ஆனால் இதே மாதிரி எத்தனையோ எழுதியிருக்கிறேன், அதனால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விபத்துச் செய்திக்கு எனக்குக் கிடைப்பது எட்டு வரி. ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும். காவலர் சொல்வதும், கூடி நின்றவர்கள் சொல்வதும்தான் கையில் இருக்கும். ‘முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது’ என்று எழுதினால் அந்த மூன்று சொல்லைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

ஓட்டியவர் சொன்னதை அப்படியே ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று போட்டால்? குடித்துவிட்டு இடித்தவனும் அதையே சொல்கிறான். பிரேக் மேல் பழி போடாத ஓட்டுநரை நான் சந்தித்ததே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை எல்லோரும் ஓட்டியவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கால் உடைந்தவர் எப்படி இருக்கிறார், அவர் வண்டி என்ன ஆனது, ஒருவராவது கேட்டீர்களா?

கெடிலக்கரையான்
கேட்டது நியாயம். தினமும் போய்ப் பார்க்கிறேன் சார். வார்டில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் வளைந்து போச்சு, சரி செய்யக் கொடுத்திருக்கிறேன். அவர் முதலில் கேட்டதே ‘பெரியவருக்கு நெஞ்சு வலி ஏதும் இல்லையே’ என்றுதான்.

ஆனால் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லை. ‘கார் மோதியது, காரணம் தெரியவில்லை, வண்டி சோதனைக்குப் போகிறது.’ இதற்கு எட்டு வரி வேண்டாம், ஒரு வரி போதும்.

வழக்காடி புதுவை
விபத்துக் கோப்புகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 136-ஆம் பிரிவின்படி ஆய்வாளர் வண்டியைப் பார்க்கிறார். பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங், டயர் பார்ப்பார், சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார். ‘விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல’ என்ற அந்த ஒரு வரி கோப்புக்குக் கோப்பு அப்படியே வருகிறது. காரின் கணினியைப் படித்ததாக ஒரு அறிக்கையைக்கூட நான் கண்டதில்லை.

இளநீர் வியாபாரியின் இழப்பீடு இந்த விவாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் கேட்கலாம். உங்கள் அப்பா மீதான வழக்கில்தான் காரணம் முக்கியம், அங்கே பேப்பர் செய்தி சாட்சியாகாது. வண்டியை எடுக்கும் முன் பெடல் பக்கம், மேட், சீட் இருந்த நிலை எல்லாவற்றையும் படம் எடுங்கள். சுற்றுக் கடைகளின் கேமராப் பதிவை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் சில நாட்களில் அழிந்துவிடும்.

மரப்பாலம் மெக்கானிக்
வக்கீல் சார் சொல்றதை உடனே செய்ங்க தம்பி. வண்டி தானா ஓடாதுன்னு நான் சொன்னதா யாரும் எடுத்துக்காதீங்க. ஓடும். கடல் காத்துல ஆக்சிலேட்டர் கேபிள் உள்கம்பி பிரிஞ்சு, பாதி மிதியில சிக்கின பழைய வேன்கள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கு. பெடலுக்கு அடியில பெருவிரலைக் குடுத்துத் தூக்கினா விடும்.

டீசல்ல இன்னும் மோசம். டர்போ சீல் போய் என்ஜின் ஆயிலே காத்தோட உள்ள போய் எரிஞ்சா, சாவியைத் திருப்பினாலும் நிக்காது. ஒரு டெம்போ அப்படி என் கண்ணு முன்னாடி ஓடிச்சு. சாவி டிரைவர் கையில இருக்கு, என்ஜின் கத்துது, தெரு முழுக்க நீலப் புகை. டாப் கியர் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கிளட்சை விட வெச்சு என்ஜினோட மூச்சை அடக்கினோம்.

சாதாரண காரா இருந்தா: கிளட்ச் இருந்தா கிளட்சை மிதி. இல்லன்னா கியரை N-க்கு (நியூட்ரல்) தள்ளு, என்ஜின் எவ்வளவு கத்தினாலும் கத்தட்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில சும்மா தட்டினா அணையாது, சில விநாடி அழுத்திப் பிடிக்கணும். சாவி வண்டியில ஒரு கட்டம் மட்டும் திருப்பு. சாவியை உருவினா ஸ்டியரிங் பூட்டிக்கும்.

கெடிலக்கரையான்
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். படம் எடுத்தேன். கம்பெனி மேட் மேலேயே அப்பா இன்னொரு ரப்பர் மேட் போட்டிருக்கிறார், மழைச் சேறு படாமல் இருக்க. அதன் முன் விளிம்பு சுருண்டு ஆக்சிலேட்டர் பக்கம் நிற்கிறது. அதைப் பார்த்ததும் இதுதான் காரணம் என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் மெடிக்கல் ஷாப் கேமராவைப் பார்த்தேன். கார் கேமராவை நோக்கி வருவதால் பின்னால் இருக்கும் பிரேக் விளக்கு தெரியாது. ஆனால் காருக்குப் பின்னால் ஒரு மூடிய கடையின் வெள்ளை ஷட்டர். அப்பா நிறுத்தியபோது அந்த ஷட்டரில் சிவப்பு வெளிச்சம் படிந்திருக்கிறது. அப்பா இடது பக்கம் திரும்பிப் பின்னால் பார்க்கிறார். சிவப்பு போகிறது. கார் சீறுகிறது. அதற்குப் பிறகு சிவப்பு வரவேயில்லை, மோதி நிற்கும் வரை. பதினோரு தடவை பார்த்தேன்.

மெக்கானிக் அண்ணா, நீங்கள் சொன்னதுதான். மேட் பெடலைப் பிடித்திருக்கலாம், ஆனால் பிரேக்கில் கால் இருந்திருந்தால் ஷட்டர் சிவந்திருக்கும். இதை மறைக்க மாட்டேன், ஸ்டேஷனிலும் பதிவைக் கொடுத்துவிட்டேன்.

வில்லியனூர் வாசகி
நீங்கள் இதைச் சொன்னதற்கு வணக்கம். ஏர்பேக் கணினியில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்துமூலம் கேளுங்கள். ஷட்டர் வெளிச்சம் நல்ல சாட்சி, இருந்தாலும் அது ஒன்றுதான்.

மரப்பாலம் மெக்கானிக்
ஏர்பேக் விரியாத மோதல்னா பதிவாகாமலும் இருக்கலாம். கேட்கிறதுல தப்பில்ல.

சேதிக்காரன்
ஆக, அந்தச் செய்தி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கெடிலக்கரையான்
இல்லை சார். எழுதியவருக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரி தெரியாது. எனக்கே ஷட்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நாளைக்கு வேறொருவர் காரில் மேட்தான் காரணமாக இருக்கும், அப்போதும் அதே வரிதான் அச்சாகும், அந்த வீட்டுக்காரர் என்ன சொல்லியும் எடுபடாது.

அப்பாவிடம் பதிவைக் காட்டினேன். வெகு நேரம் பேசவில்லை. ‘நான் பிரேக்தான்டா மிதிச்சேன்’ என்றார் மறுபடியும். பிறகு அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அந்தத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோவில் போனோம்.