பிரியா கல்யாணம் குழுவில் கிளட்ச் பேச்சு

செவ்வாய்க்கிழமை

தேவன்: எல்லாருக்கும் ஒரு விஷயம். டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் மேடு ஏறும்போது மாஸ்டா எம்எக்ஸ்-5 நாலாவது கியர்ல கத்துது, வேகம் மட்டும் வரமாட்டேங்குது. பிரியா அந்த வண்டியிலதான் ஹாலுக்கு வருவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள் இருக்கு. இந்தச் சனிக்கிழமை வீட்டுலயே கிளட்ச் மாத்திடலாமா?

கமலா அக்கா: ரெண்டு சீட்டு வண்டியில பட்டுப்புடவை, மாலை எல்லாம் எப்படிடா?

பிரியா: கூரையை மூடிக்கலாம் அத்தை 🙏

நவீன் (மாரிட்ஸ்பர்க்): எந்த வருஷம் மாமா?

தேவன்: 2000. 1.8. அஞ்சு கியர்.

செல்வம் மாமா: தேவா, கழட்டுறதுக்கு முன்னாடி நோய் என்னன்னு பார். கிளட்ச் வழுக்குறது வேற, கிளட்ச் விடாம இருக்குறது வேற. 50ல போகும்போது நாலாவது கியர்ல வச்சு ஆக்சிலேட்டரை முழுசா மிதி. ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வண்டி பின்தங்குனா டிஸ்க் தேஞ்சிருக்கு, இல்லைன்னா டிஸ்க்குல எண்ணெய் பட்டிருக்கு. முதல் கியரும் ரிவர்ஸும் விழ முரண்டு பிடிச்சு, பெடல் தரையோட போச்சுன்னா அது ஹைட்ராலிக் கோளாறு. அதுக்குப் பெரும்பாலும் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை வாங்கி கிளட்சைத் தள்ளுறது) மாத்துனா போதும், கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வலது பக்கம், ரெண்டே போல்ட். அதோட ரப்பர் மூடியை விலக்கிப் பார். உள்ள ஈரமா இருந்தா சீல் போச்சு.

தேவன்: கியர் நல்லா விழுது மாமா. முள்ளுதான் ஏறுது.

செல்வம் மாமா: அப்ப கியர்பாக்ஸ் கீழ இறங்கணும்.

குபென்: 😬

சரஸ் அண்ணி: கமலா, தாத்தா கருமாதிக்கு எடுத்துட்டுப் போன பெரிய தவலை யார்கிட்ட இருக்கு? நலங்குக்கு வேணும்.

கமலா அக்கா: என்கிட்ட இல்லை.

நவீன்: கிட் வாங்கியாச்சா மாமா? 215 எம்எம் பார்த்து வாங்குங்க. 1.6க்கு 200. அது இந்த ஃபிளைவீல்ல (எஞ்சினோட சுத்துற கனமான சக்கரம்) சேராது.

தேவன்: பெட்டி வந்திருக்கு, இன்னும் பிரிக்கலை.

செல்வம் மாமா: கிட்ல டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், நடு சேர்க்கிற பிளாஸ்டிக் குச்சி இந்த அஞ்சும் இருக்கணும். சில கிட்ல பைலட் பேரிங் வராது, அதைத் தனியா வாங்கணும். அதோட எஞ்சின் எண்ணெய் பின்னால கசியாம தடுக்குற பின் மெயின் சீல் ஒண்ணு, புது ஸ்லேவ் ஒண்ணு, ஜிஎல்-4 75டபிள்யூ-90 எண்ணெய் ரெண்டு லிட்டருக்கு மேல கொஞ்சம், டாட் 4 பிரேக் ஆயில் அரை லிட்டர், ரெண்டு டப்பா பிரேக் கிளீனர். சீல் விலை ஒண்ணுமே இல்லை. அது ஆறு மாசம் கழிச்சு ஒழுகுனா இதே வேலையை முதல்ல இருந்து செய்யணும். பாக்ஸ் இறங்குன அன்னிக்கே எல்லாத்தையும் மாத்திடணும், இதுல கஞ்சத்தனம் கூடாது.

குபென்: சித்தப்பா, எங்க வச்சு செய்யப் போறீங்க? உங்க டிரைவ்வே சரிவாச்சே.

தேவன்: அதான் யோசிக்கிறேன்.

நவீன்: சரிவுல வேண்டவே வேண்டாம். நாலு ஸ்டாண்டு, கீழ கெட்டி சிமென்ட் தரை. லோகன் மாமா கார்போர்ட்தான் சரி.

(லோகன் அண்ணா ஒரு செய்தியை நீக்கினார்)

கமலா அக்கா: லோகா, என்ன எழுதி அழிச்சே?

லோகன் அண்ணா: அம்மா வீட்டுக் கூரை ஒழுகுனப்ப வாங்குன வண்டி அது. இப்ப என் கார்போர்ட் வேணுமா?

கமலா அக்கா: குழந்தை கல்யாணக் குழுவுல இதெல்லாம் வேண்டாம்.

பிரியா: பெரியப்பா ப்ளீஸ்.

சரஸ் அண்ணி: தவலை பத்தி யாரும் பதில் சொல்லலை.

புதன்கிழமை

செல்வம் மாமா: காலை வணக்கம். தேவா, இன்னிக்கு ராத்திரியே வண்டிக்குக் கீழ போய் எக்ஸாஸ்ட் போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் நட்டு, அந்த நீள அலுமினிய ஃபிரேமோட போல்ட் எல்லாத்துலயும் துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு வை. நாளைக்கும் ஒரு தடவை அடி. டர்பன் உப்புக் காத்துல எக்ஸாஸ்ட் போல்ட் முறியறதுதான் முதல் தலைவலி. முறிஞ்சா டிரில் வச்சு எடுக்கவே அரை நாள் போயிடும்.

தேவன்: சரி மாமா.

செல்வம் மாமா: வரிசையைக் கேட்டுக்கோ. பேட்டரி டிக்கியில இருக்கு, நெகட்டிவ்வை முதல்ல எடு. உள்ள கன்சோலைக் கழட்டி, ரப்பர் பூட்டை விலக்கி, 10 எம்எம் போல்ட்டை எடுத்து கியர் லிவரை மேல உருவிடு. இதைப் பண்ணாம பாக்ஸை இறக்குனா லிவர் டனல்ல மாட்டிக்கும். அப்புறம் வண்டியை நாலு ஸ்டாண்டு மேல ஏத்து. நீ படுத்துக்கிட்டு பாக்ஸையும் பக்கத்துல வெளிய இழுக்குற அளவுக்கு உயரம் வேணும். எண்ணெய் இறக்குறதுக்கு முன்னாடி ஊத்துற மூடி திறக்குதான்னு பார்த்துக்கோ. கீழ் மூடியைத் திறந்து எல்லாத்தையும் இறக்கிட்டு, மேல் மூடி இறுகிப் போயிருந்தா வண்டி அங்கேயே நிக்கும். அப்புறம் எக்ஸாஸ்ட் முன் குழாய். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி டிஃப்ரென்ஷியல் ஃபிளேஞ்சுலயும் ஷாஃப்ட்லயும் பெயின்ட்ல ஒரே கோடா போடு. வேற நிலையில மாட்டுனா அதிர்வு வரலாம். ஷாஃப்டை உருவுனதும் பாக்ஸ் வாலுல பிளாஸ்டிக் பையைக் கட்டு, மிச்ச எண்ணெய் முகத்துல கொட்டும்.

குபென்: தாத்தா, வாய்ஸ் நோட் போட்டுடுங்களேன்.

செல்வம் மாமா: எழுதி வச்சா வண்டிக்குக் கீழ படுத்துக்கிட்டே படிக்கலாம். இரு, முடியலை.

நவீன்: பிபிஎஃப் ஃபிரேம் பத்திச் சொல்லுங்க தாத்தா.

செல்வம் மாமா: அதுதான் வர்றேன். கியர்பாக்ஸையும் டிஃபையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த நீள அலுமினிய ஃபிரேம் இருக்கே, எம்எக்ஸ்-5க்குத் தனியா மவுன்ட் குறுக்குச்சட்டம் கிடையாது. அந்த ஃபிரேம்தான் பாக்ஸ் வாலைத் தாங்குது. அதனால அதை எடுக்குறதுக்கு முன்னாடி பாக்ஸுக்குக் கீழ ஒரு ஜாக், டிஃப் மூக்குக்குக் கீழ ஒரு ஜாக். ஒயர் கிளிப்பை எல்லாம் விடுவிச்சிட்டு, டிஃப் பக்கம் ரெண்டு போல்ட், பாக்ஸ் பக்கம் ரெண்டு போல்ட். ரிவர்ஸ் லைட் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், ஸ்பீடோ ஒயரையும் கழட்டு. ஸ்லேவைக் குழாயோட அப்படியே ஓரமா கட்டி வை, அந்த நேரத்துல யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதிச்சா பிஸ்டன் வெளிய வந்துடும். ஸ்டார்ட்டரும் அந்தப் பக்கம்தான், அதையும் கழட்டு.

நவீன்: பெல் ஹவுசிங் (எஞ்சினோட சேர்ற பாக்ஸோட முன் கூடு) மேல் போல்ட் ரெண்டும்தான் உயிரை எடுக்கும். பாக்ஸ் வாலைக் கொஞ்சம் தாழ்த்திட்டு, பின்னால இருந்து நீள எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் போட்டுத் திருப்பணும். அரை மீட்டருக்கு மேல எக்ஸ்டென்ஷன் வேணும். என்கிட்ட இருக்கு.

செல்வம் மாமா: சரியா சொன்னே. தாழ்த்தும்போது மேல ஒரு ஆள் எஞ்சின் பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். எஞ்சின் பின்னால சாயும், காயில் பேக் ஃபயர்வால்ல இடிக்கும்.

கமலா அக்கா: புரோகிதர் காலை எட்டு மணிக்கே முகூர்த்தம்னு சொல்றார். ஹால்காரன் ஏழுக்குத்தான் திறப்பானாம்.

சரஸ் அண்ணி: அப்ப அலங்காரம் எப்ப செய்யறது??

பிரியா: நேத்து ஒன்பதரைன்னாரே?

கமலா அக்கா: திரும்பக் கேட்டுச் சொல்றேன்.

தேவன்: நவீன், டிரான்ஸ்மிஷன் ஜாக் இருக்கா?

நவீன்: இருக்கு. பக்கியில (பிக்அப் வண்டி) போட்டு எடுத்துட்டு வரேன்.

செல்வம் மாமா: பாக்ஸ் 35 கிலோ போல வரும், ரெண்டு பேர் தூக்கிடலாம். சிக்கல் எடையில இல்லை. இன்புட் ஷாஃப்ட் டிஸ்க்குல இருந்து முழுசா வெளிய வர்ற வரைக்கும் பாக்ஸ் நேரா நிக்கணும். திரும்ப மாட்டும்போதும் அப்படித்தான். ஒரு தடவை தொங்க விட்டா புது டிஸ்க்கோட நடு வளைஞ்சிடும். அப்புறம் பெடலை மிதிச்சும் கிளட்ச் விடாது. அதைக் கண்டுபிடிக்க மறுபடி பாக்ஸை இறக்கணும். பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கி பாக்ஸை உள்ள இழுக்கவும் கூடாது. கையால தள்ளினாலே எஞ்சின் முகத்தோட ஒட்டணும். ஒட்டலைன்னா டிஸ்க் நடுவுல இல்லை, குச்சியைப் போட்டு மறுபடி சேர்.

குபென்: பைலட் பேரிங் எடுக்க ரொட்டியை அடைச்சு சுத்தியல்ல அடிப்பாங்கன்னு வீடியோ பார்த்தேன். குழம்பு ஊத்திச் சாப்பிடுற பன்னி சௌ ரொட்டி நம்மகிட்ட நிறைய இருக்கு 😂

செல்வம் மாமா: பேரிங் கிராங்க்ல இருக்குற வண்டிக்கு அந்த வேலை. இதுல ஃபிளைவீல்லயே இருக்கு. வீலைக் கழட்டுனதும் மரக்கட்டை மேல வச்சுப் பின்னால இருந்து தட்டுனா வந்துடும். ரொட்டியைச் சாப்பிடு.

சரஸ் அண்ணி: சனிக்கிழமை எல்லாருக்கும் நானே சமைச்சிடுறேன். தவலை இல்லாம எதுல சமைக்கிறதுன்னு தெரியலை.

கமலா அக்கா: 🙄

நவீன்: ஃபிளைவீல் முகம் கடையணுமா?

செல்வம் மாமா: நீலப் புள்ளி, முடி மாதிரி வெடிப்பு இருந்தா கட்டாயம் கடையணும். தேவன் வண்டி மேட்டுல வழுக்கியிருக்கு, சூட்டுத் தழும்பு இல்லாம இருக்காது. இங்கதான் கஷ்டம். லேத் கடை சனிக்கிழமை மதியத்தோட சாத்திடும். காலையில ஆரம்பிச்சா 11 மணிக்குள்ள வீல் கையில இருக்காது. வெள்ளிக்கிழமை சாயந்தரமே பாக்ஸை இறக்கணும்.

சரஸ் அண்ணி: வெள்ளிக்கிழமை வீட்டுல விளக்கு வைக்கிற நேரத்துல கிரீஸ் கையோட யாரும் உள்ள வரக்கூடாது.

தேவன்: வாசல்லயே நிக்கிறோம் அண்ணி.

லோகன் அண்ணா: கார்போர்ட் தரேன்னு நான் இன்னும் சொல்லலை.

செல்வம் மாமா: லோகா, போல்ட் இறுக்கத்தை அளக்குற உன் டார்க் ரெஞ்ச் 20ல இருந்து 110 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தானே?

லோகன் அண்ணா: 200 வரைக்கும் இருக்கு.

செல்வம் மாமா: அதுதான் வேணும். ஃபிளைவீல் 6 போல்ட் 100 நியூட்டன் மீட்டர் போல, எதிரெதிரா. பிரஷர் பிளேட் 18ல இருந்து 26க்குள்ள, எல்லா போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமா. ஒரே பக்கம் இறுக்குனா பிளேட் கோணும். பெல் ஹவுசிங் 64ல இருந்து 89. அலுமினிய ஃபிரேம் 104ல இருந்து 124. ஃபிரேமை இறுக்குறதுக்கு முன்னாடி பாக்ஸ் வாலை ஜாக்ல பழைய உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கணும். தொங்கின நிலையில இறுக்குனா ஷாஃப்ட் கோணம் மாறி வண்டி அதிரும்.

லோகன் அண்ணா: ஃபிரேம் இருந்த இடத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடியே அளந்து எழுதி வைக்கணும். அவன் அளக்க மாட்டான்.

தேவன்: நீங்களே வந்து அளங்கண்ணா.

செல்வம் மாமா: 👍

நவீன்: டிஸ்க்குல எண்ணெய் இருந்தா எதுன்னு எப்படிப் பார்க்குறது தாத்தா?

செல்வம் மாமா: மோந்து பார். கந்தக வாடை அடிச்சா கியர் எண்ணெய், பாக்ஸ் முன் சீல் போச்சு. அந்த வாடை இல்லாம கறுப்பா இருந்தா எஞ்சின் எண்ணெய், பின் மெயின் சீல். எண்ணெய் வர்ற வழியை அடைக்காம புது டிஸ்க் போட்டா அதுவும் வழுக்கும். கிரீஸ் விஷயம்: ஃபோர்க் உருண்டை முனையில பட்டாணி அளவு, பேரிங் சறுக்குற குழாய்ல லேசா, இன்புட் ஷாஃப்ட் பல்லுல (ஸ்பிளைன்) விரலால தடவித் துடைச்ச மாதிரி. அதிகமா போட்டா சுத்தும்போது தெறிச்சு டிஸ்க்குல ஒட்டும். டிஸ்க்கை எந்தப் பக்கம்னு எழுத்தைப் பார்த்து மாட்டு, ஸ்பிரிங் துருத்துற பக்கம் பாக்ஸைப் பார்க்கணும்.

நவீன்: லிவர் குழி?

செல்வம் மாமா: ஆமா, அதை மறந்துடாதீங்க. லிவர் உட்கார்ற குழிக்குத் தனி எண்ணெய், 80 மில்லி போல. பாக்ஸுக்கு ஊத்துற ரெண்டு லிட்டர் அங்க போய்ச் சேராது. ஸ்லேவ் மாத்துனதும் ரெண்டு பேரா காத்து எடுங்க, ரிசர்வாயர் காலியாகக் கூடாது. டாட் 4 பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவு.

பிரியா: அப்ப கல்யாணத்துக்கு வண்டி ரெடிதானே தாத்தா?

செல்வம் மாமா: ஓடும்மா. ஆனா புது டிஸ்க் பதிய 400, 500 கிலோமீட்டர் டவுனுக்குள்ள நின்னு நின்னு ஓட்டணும். அதுக்குள்ள மேட்டுல கிளட்சைப் பாதி மிதிச்சு வண்டியைப் பிடிச்சு நிறுத்துனா எரிஞ்சிடும். ஹால் வாசல் ஏத்தமாச்சே.

கமலா அக்கா: ஊர்வலம் மாதிரி மெதுவாத்தானே வருவாங்க, அதான் பயமா இருக்கு.

குபென்: ஏத்தம் வரைக்கும் வேற வண்டி, கேட்டுக்குள்ள இது?

பிரியா: அண்ணா 😡

தேவன்: சனிக்கிழமை முடியட்டும், ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

லோகன் அண்ணா: வெள்ளி சாயந்தரம் அஞ்சுக்கு மேல வா. நான் வேலை முடிஞ்சு வரணும்.

சரஸ் அண்ணி: விளக்கு ஆறு மணிக்கு!

செல்வம் மாமா: தேவா, பெட்டியைப் பிரிச்சுப் படம் போடு. பைலட் பேரிங் இல்லைன்னா நாளைக்குக் கடை திறந்திருக்கும்போதே வாங்கணும்.

தேவன்: 📷
டிஸ்க் 215தான். குச்சி இருக்கு. சின்ன பேரிங் காணோம்.

நவீன்: நான் மாரிட்ஸ்பர்க்ல கேட்டுப் பார்க்குறேன்.

கமலா அக்கா: நவீன், வரும்போது அப்படியே நம்ம வீட்டு ஸ்டோர் ரூம்ல பெரிய தவலை இருக்கான்னும் பாருடா.

சரஸ் அண்ணி: !!!